அத்தைக்கு மட்டும் ஏன் வேறு வைட்டமின் டி?

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு விதமான வைட்டமின் டி இருக்கிறது. ஒன்று அம்மாவுடையது. வாரம் ஒரு நாள் பாலில் கலக்கிக் குடிக்கிற 60,000 யூனிட் பொடி. இன்னொன்று அத்தையுடையது. தினம் ஒன்றாக விழுங்குகிற குட்டிக் குளிகை. அட்டையில் கால்சிட்ரியால் என்று போட்டிருக்கும். அத்தைக்குச் சிறுநீரகம் ஓய்ந்து மூன்று வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் பாளையங்கோட்டைக்கு டயாலிசிஸ் செய்யப் போய்வருகிறாள். ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு அட்டைகளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரெண்டும் டி தானய்யா? பின்ன அவளுக்கு அது, எனக்கு மட்டும் ஏன் இது?"

சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு இதுதான் சரிப்படும் என்று சொல்லி முடித்திருக்கலாம். அது பாதிப் பதில். மீதிப் பாதி, 2000ஆம் ஆண்டு பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு மனிதப் புரதத்தைப் படிகமாக்கி, அதன் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டதில் இருக்கிறது. அத்தைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அட்டைகளில் உள்ள அளவைப் பாருங்கள். 40 யூனிட் சேர்ந்தால் 1 மைக்ரோகிராம். அம்மாவின் பொடியில் இருப்பது 1,500 மைக்ரோகிராம். அத்தையின் குளிகையில் 0.25 மைக்ரோகிராம். ஒரு வேளைக்கு ஒரு வேளை ஒப்பிட்டால் 6,000 மடங்கு வித்தியாசம். அத்தையின் மருந்து அவ்வளவு குறைவாக இருந்தும் வேலை செய்கிறது என்றால், அது கச்சாப் பொருளாக வரவில்லை, தயாரான சரக்காக வருகிறது என்று பொருள்.

வைட்டமின் டி தோலில் பிறக்கிறது. அங்கே இருக்கிற கொலஸ்ட்ரால் வகை மூலக்கூறு ஒன்றின் வளையத்தை, வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் உடைத்துத் திறக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத சீமை நம்முடையது. ஆனாலும் முக்கூடல் பக்கமும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றுகிற பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். முறத்தை மடியில் வைத்தால் பொழுது சாயும்வரை வீட்டுக்குள்ளேதான். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது; நிறம் கூடிய தோலுக்கு வெயிலில் கூடுதல் நேரமும் வேண்டும். அம்மா இருபத்தைந்து வருஷம் பீடி சுற்றியவள். அவளுக்குப் பொடி எழுதித் தந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

தோலில் உண்டானதும் சரி, பொடியில் வந்ததும் சரி, அப்படியே எதற்கும் உதவாது. முதலில் கல்லீரலுக்குப் போக வேண்டும். அங்கே மூலக்கூறின் வாலில், 25ஆம் கார்பனில், ஓர் ஆக்சிஜன் ஏறுகிறது. பரிசோதனைக்கூடத்தில் டி அளவு பார்க்கிறார்களே, அவர்கள் அளப்பது இதைத்தான். அடுத்தது சிறுநீரகம். அங்கே தலைப்பக்கத்து வளையத்தில், 1ஆம் கார்பனில், இன்னோர் ஆக்சிஜன் ஏறுகிறது. இந்த வேலை நடக்கிற இடம் சிறுநீரகம்தான் என்பதை 1970இல் கேம்பிரிட்ஜில் பிரேசரும் கோடிசெக்கும் கண்டார்கள். வளையத்தின் 3ஆம் கார்பனில் பிறப்பிலேயே ஓர் ஆக்சிஜன் உண்டு. ஆக, முழுதாகத் தயாரான மூலக்கூறில் 1, 3, 25 என்று மூன்று இடங்களில் ஆக்சிஜன். அதுதான் கால்சிட்ரியால். ரத்தத்தில் கல்லீரல் தந்த சரக்கு ஒரு மில்லி லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் ஓடும்போது, இது பிகோகிராம் கணக்கில்தான் ஓடுகிறது. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

அத்தையின் உடம்பில் நின்றுபோனது அந்தக் கடைசி ஆக்சிஜன் ஏற்றும் வேலை. சரி, மூன்றில் இரண்டு ஆக்சிஜன் இருக்கிறதே, ஒன்று குறைந்தால் என்ன? வேதியியல் படித்தவனுக்கும் இந்த இடத்தில் கேள்வி நிற்கும். அந்த ஆக்சிஜனை உடம்பில் யார் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விடை வரும்.

பிடிப்பது ஒரு புரதம். வைட்டமின் டி ஏற்பி என்று பெயர். செல்லின் உட்கருவுக்குள் இருந்துகொண்டு மரபணுக்களை முடுக்கிவிடுகிற உட்கரு ஏற்பிகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மனித உடம்பில் இந்தக் குடும்பத்தில் 48 பேர். ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோன், கார்டிசால், வைட்டமின் ஏ அமிலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பி. உடல் அமைப்பில் எல்லாரும் ஒரே சாடை. முன்பாதி துத்தநாக அணுக்களைப் பிடித்துக்கொண்டு டிஎன்ஏவில் போய் உட்காரும். பின்பாதியில் ஒரு பை. ஹார்மோன் வந்து நுழைவது அதற்குள்.

இந்தப் பையின் உள்ளே பார்க்க எந்த நுண்ணோக்கியின் வெளிச்சமும் உதவாது; அணுக்களுக்கு இடையிலான தூரத்தைவிட ஒளியின் அலைநீளம் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. எக்ஸ் கதிர் வேண்டும். ஒற்றை மூலக்கூறிலிருந்து சிதறுகிற எக்ஸ் கதிர் கண்டுபிடிக்க முடியாத அளவு மங்கல். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே திசையில், ஒரே இடைவெளியில், வரிசை பிசகாமல் அடுக்கி நின்றால்தான் அந்தச் சிதறல் ஒன்றுசேர்ந்து புள்ளிகளாகத் தெரியும். அப்படி அடுக்கி நிற்பதற்குப் பெயர்தான் படிகம்.

படிகம் வளர்ப்பது எங்கள் ஊர்ப்பக்கத்துக்குப் புதிது கிடையாது. அம்மாவைப் பெற்ற ஆச்சி வீடு உடன்குடிப் பக்கம். 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை அதுவும் நெல்லை ஜில்லாதான். பதனீர் இறங்குகிற நாள்களில், அதைக் காய்ச்சுகிற குடிசையான விடிலியில் அடுப்பு அணையாது. கருப்பட்டிக்கு என்றால் பாகைக் கெட்டியாகக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிவிடுவார்கள், சீக்கிரம் இறுகிவிடும். கற்கண்டுக்கு அப்படி இல்லை. அந்தப் பதத்துக்கு முன்னாலேயே இறக்கி, பானையில் ஊற்றி, உள்ளே நூலைத் தொங்கவிட்டு, ஏறக்குறைய 40 நாள் அலுங்காமல் விட்டுவிட வேண்டும். சின்ன வயதில் நான் மூடியைத் திறந்து பானையை ஆட்டிப் பார்த்தபோது ஆச்சி கையைப் பிடித்து இழுத்தாள். "அசைக்காதல! அசைச்சா மணியா வராது, மாவாப் போயிரும்."

புரதப் படிகம் வளர்க்கிற ஆய்வுக்கூடத்தில் முதல் பாடமும் இதுவே. கரைசலில் புரதம் கரையக்கூடிய எல்லையைக் கொஞ்சம் தாண்டி இருக்க வேண்டும். மெல்லத் தாண்ட வேண்டும். அவசரப்பட்டால் மூலக்கூறுகள் கண்டபடி ஒட்டி மாவாகக் கீழே படிந்துவிடும். அதற்கு ஓர் அழகான ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வில்லையில் புரதக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, தலைகீழாகத் திருப்பி, உப்புக் கரைசல் உள்ள சிறு குழியின் வாயை அந்த வில்லையால் மூடிவிடுவார்கள். சொட்டில் உப்பு குறைவு, கீழே கூடுதல். காற்று வழியாகச் சொட்டிலிருந்து நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். சொட்டு சுண்டச் சுண்டப் புரதம் அடுக்கத் தொடங்கும். நாள்கணக்கிலும் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகும். வராமலே போவதும் உண்டு.

கற்கண்டோடு ஒப்பிட்டது இந்த அளவுக்குத்தான் செல்லும். கற்கண்டில் சர்க்கரை மூலக்கூறு சின்னது, விறைப்பானது. புரதம் பெரிது, ஆடுகிறது, வழவழக்கிறது. புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி வெறும் நீர். காற்றுப் பட்டால் காய்ந்து கெட்டுவிடும். கடித்தால் நொறுங்குகிற சாதி கிடையாது, ஊசி முனை பட்டாலே உடைந்துபோகும்.

வைட்டமின் டி ஏற்பி ஆய்வாளர்களைப் படுத்தி எடுத்ததும் இந்த ஆட்டத்தினால்தான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. முழுப் புரதத்தில் அவை 427. டிஎன்ஏவில் உட்காருகிற முன்பகுதியை முதலில் விலக்கினார்கள். மீதியிலும் 165 முதல் 215 வரை ஒரு நீண்ட வளைவு, நிலையான வடிவம் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தக் குடும்பத்தில் மற்றவர்களுக்கு அந்த இடத்தில் இவ்வளவு நீளம் கிடையாது. அந்த 51 அமினோ அமிலங்களையும் மரபணுவிலேயே நீக்கி, 259 மட்டும் உள்ள புரதத்தைப் பாக்டீரியாவில் விளைவித்தார்கள். நீக்கியதால் கால்சிட்ரியாலைப் பிடிக்கிற குணம் மாறவில்லை என்று சோதித்தும் பார்த்தார்கள். அதன் பிறகே படிகம் வந்தது. நதாலி ரோஷேலும் டினோ மோராஸும் கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்ட அந்த அமைப்பின் துல்லியம் 1.8 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இரண்டு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கிற தூரமே 1.54 ஆங்ஸ்ட்ராம்.

எக்ஸ் கதிர் கொண்டு படிகத்தின் உள்ளே பார்க்கிற கலை தொடங்கியதே உப்பிலிருந்துதான். 1913இல் பிராக் தந்தையும் மகனும் முதலில் கண்டவற்றில் சாதாரணச் சமையல் உப்பின் அமைப்பும் ஒன்று. தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் விளைகிற அதே கனசதுரம். உப்பில் இரண்டே வகை அணுக்கள். புரதத்தில் ஆயிரக்கணக்கான அணுக்கள். எக்ஸ் கதிர் புள்ளிகளைக் கணக்கிட்டு எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் என்ற ஒன்றைத் தயாரிக்கிறார்கள். மலையின் உயரக்கோட்டு வரைபடம் மாதிரி, எங்கே எலக்ட்ரான் கூட்டம் அதிகமோ அங்கே மேடு. அந்த மேடுகளுக்குள் புரதச் சங்கிலியைப் பொருத்திக்கொண்டே போக வேண்டும்.

பொருத்தியது சரியா என்று தெரிந்துகொள்ள உலகம் முழுக்க ஒரு படத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பெயர் ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டது. புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்களில்தான் திருப்பம் சாத்தியம். அதிலும் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காத கோணங்கள் கொஞ்சமே என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்றைக்கும் ஒரு புரத அமைப்பை வெளியிடுகிறவர் இந்தச் சோதனையில் தேறாமல் தப்ப முடியாது. ராமச்சந்திரன் பிறந்தது எர்ணாகுளத்தில். அவர் பெயருக்கு முன்னால் நிற்கிற ஜி, கோபாலசமுத்திரம். நம் சேரன்மகாதேவிப் பக்கத்துக் கோபாலசமுத்திரம்தான். அந்த வழியாகப் பேருந்தில் போகிற பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

இனி பைக்குள் போவோம். ஏற்பியின் பின்பாதி, விறகை மூன்று அடுக்காக அடுக்கினது போல, ஒரு டஜன் சுருள்களால் ஆனது. நடு அடுக்கின் ஒரு பக்கத்தில் விறகு குறைந்து ஒரு பொந்து. அதன் கொள்ளளவு 697 கன ஆங்ஸ்ட்ராம். கால்சிட்ரியால் அதில் 56 சதவீதத்தைத்தான் நிரப்புகிறது. இவ்வளவு தளர்வான இடத்தில் அது எப்படி நழுவாமல் நிற்கிறது? மூன்று ஆக்சிஜனையும் மூன்று ஜோடிக் கைகள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கையும் ஓர் அமினோ அமிலம்; எண் என்பது சங்கிலியில் அது எத்தனையாவது என்பது. வாலில் உள்ள 25ஆம் இடத்து ஆக்சிஜனை 305, 397 என்ற எண்ணுள்ள இரண்டு ஹிஸ்டிடின்கள். 3ஆம் இடத்து ஆக்சிஜனை 143ஆம் டைரோசினும் 278ஆம் செரினும். அத்தையின் சிறுநீரகம் ஏற்ற முடியாமல் போன 1ஆம் இடத்து ஆக்சிஜனை 237ஆம் செரினும் 274ஆம் ஆர்ஜினினும்.

பையின் மற்றச் சுவர்கள் பெரும்பாலும் எண்ணெய்ப் பசையானவை, நீரோடு ஒட்டாதவை. அப்படிப்பட்ட இடத்தில் மின்னேற்றம் உள்ள ஆர்ஜினின் ஒன்று, பிடிக்கத் துணை இல்லாமல் வெறுங்கையோடு நிற்பது பெரிய இழப்பு. கல்லீரல் தந்த சரக்கு பைக்குள் நுழையாமல் இல்லை. நுழைந்தாலும் 237க்கும் 274க்கும் அதனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் அதன் பிடிப்பு கால்சிட்ரியாலின் பிடிப்பைவிடப் பல நூறு மடங்கு தளர்ச்சி. அத்தை கேட்ட கேள்விக்கு விடை இந்த ஆக்சிஜனின் இடம்தான். டயாலிசிஸில் இருக்கிற சிலருக்கு மருத்துவர்கள் சாதாரண டியையும் சேர்த்துத் தருவதுண்டு. அது ஆளுக்கு ஆள் அவர்கள் பார்த்து முடிவு செய்வது.

பிடித்தால் மட்டும் போதாது, பிடித்த சேதி வெளியே தெரிய வேண்டும். இங்கேதான் கடைசிச் சுருள் வருகிறது. 1995இல் ஸ்ட்ராஸ்பூர்க்காரர்கள் இதே குடும்பத்தில் இரண்டு பேரின் அமைப்பை வெளியிட்டார்கள். பை காலியாக இருந்த ஒன்றில் 12ஆம் சுருள் திறந்த கதவு போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வைட்டமின் ஏ அமிலம் உட்கார்ந்திருந்த மற்றொன்றில் அது மடங்கிப் பையின் வாயை மூடியிருந்தது. எலிப்பொறி என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். வைட்டமின் டி ஏற்பியின் படிகத்திலும் கதவு சாத்தித்தான் இருந்தது. சாத்தினதும் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் உருவாகிறது. பள்ளத்தின் ஒரு முனையில் 246ஆம் லைசின், மறு முனையில் அந்தக் கதவில் உள்ள 420ஆம் குளுட்டாமிக் அமிலம். மரபணுவைப் படிக்கத் துணைசெய்கிற வேறு புரதங்கள் வந்து அந்தப் பள்ளத்தில் பொருந்துகின்றன. இரண்டு முனையும் அவற்றை இடுக்கி போலப் பிடித்துக்கொள்கின்றன. ஏற்பி தன் கூட்டாளியான இன்னோர் உட்கரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் உட்காருகிறது. குடலில் கால்சியத்தை உறிஞ்சுகிற புரதங்கள் தயாராகத் தொடங்குகின்றன. மார்பகப் புற்றுநோய்க்குத் தருகிற டமாக்சிஃபென் இதே கதவில்தான் விளையாடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் அது போய் உட்கார்ந்தால், மருந்தின் நீட்டிய கை இடிக்கிறதால் கதவு சரியாகச் சாத்தாது, துணைப் புரதம் வர வேண்டிய பள்ளத்திலேயே போய் விழுந்து அடைத்துக்கொள்ளும். 1998இல் வந்த படிக அமைப்பு அதைக் கண்ணால் காட்டியது.

ஒரு குழந்தையின் கதையையும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே வைட்டமின் டி எடுபடாத ரிக்கெட்ஸ் நோய் ஒன்று உண்டு. எலும்பு வளையும், ரத்தத்தில் கால்சியம் விழும். ஆனால் கால்சிட்ரியால் நிறைய ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட குடும்பங்களில் ஏற்பியின் மரபணுவில் பிழைகள் இருப்பது 1988 முதல் தெரியவந்தது. அவற்றில் ஒன்று, 274ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் லியூசின். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கிறது. படிக அமைப்பு வருவதற்கு ஏழு வருஷம் முன்பே இந்தப் பிழை பதிவாகிவிட்டது. 274 என்ன செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. படம் வந்ததும் தெரிந்துவிட்டது. சிறுநீரகம் சரியாக ஏற்றித் தந்த ஆக்சிஜனைப் பிடிக்க வேண்டிய கை அந்தக் குழந்தைக்கு இல்லை. அத்தையிடம் கை இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை. குழந்தையிடம் ஆக்சிஜன் இருக்கிறது, கை இல்லை. அத்தைக்குக் கொடுப்பதைக் குழந்தைக்குக் கொடுத்துப் பலன் இருக்காது. ஏற்பி இப்படிப் பழுதான குழந்தைகளுக்குக் கால்சியத்தை ரத்தக்குழாய் வழியாகவே நீண்ட நாள் ஏற்றி எலும்பைத் தேற்றியிருக்கிறார்கள்.

படிகப் படத்தை நான் கொண்டாடுகிறேன், ஆனாலும் அதன் எல்லையை மறைக்க மனம் வரவில்லை. அசையாமல் நின்றதை மட்டுமே படிகம் காட்டும். வெட்டி நீக்கிய அந்த 51 அமினோ அமிலங்கள் உடம்பில் என்ன செய்கின்றன என்பதை இந்தப் படம் சொல்லாது. கதவு திறந்து மூடுகிற ஓட்டத்தையும் சொல்லாது. மூடின ஒரு கணத்தைத்தான் சொல்லும். உடம்பின் வெதுவெதுப்பில் அந்தச் சுருள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும், ஹார்மோன் வந்தால் மூடின பக்கம் அதிக நேரம் நிற்கும் என்று நினைப்பதே இன்று பொருத்தம். முழு ஏற்பியும் கூட்டாளியும் டிஎன்ஏவில் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை 2012இல் படிகமே இல்லாமல், உறைபனியில் நிறுத்தி எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்த்தார்கள். அதில் மொத்த உருவம் தெரிந்தது. ஆனால் எந்த ஆக்சிஜனை எந்தக் கை பிடித்திருக்கிறது என்பதற்கு இன்னும் 2000ஆம் ஆண்டுப் படத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

அந்தப் படம் யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் பொதுவில் கிடக்கிறது. 1டிபி1 (1DB1) என்று தேடினால் வரும். அன்றைக்கு அத்தைக்கு அதை என் போனில் திறந்து காட்டினேன். விரலால் தள்ளினால் சுருள்கள் சுழலும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சுழற்றிப் பார்த்தாள். நடுவில் கால்சிட்ரியால் ஒரு சின்னக் குச்சி போலத் தெரிந்தது, ஆக்சிஜன்கள் மூன்றும் சிவப்பு.

"இதுல என் சிவப்பு எதுய்யா?"

இரண்டு விரலால் பெரிதாக்கி, 237க்கும் 274க்கும் நடுவில் இருந்ததைத் தொட்டுக் காட்டினேன். அத்தை போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பிதுக்கி அன்றைக்கு உள்ள குளிகையை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர்ச் செம்பை எட்டித் தரச் சொன்னாள். டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளவுதான். அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.